கவிழ்த்த சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு நம்பர் குலுக்கல் முடிந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் எந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "அந்த நம்பர எடுத்திருக்கணும்." புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் இதே பேச்சுத்தான். கனவில் வந்த எண், சாலையில் அடிபட்டுக் கிடந்த காரின் பதிவெண், இறந்துபோன தாத்தாவின் வீட்டு எண் என்று ஒவ்வொருவரிடமும் எடுக்காமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது. எடுத்துத் தவறிய எண்ணை இரண்டு நாளில் மறந்துவிடுகிறார்கள். எடுக்க நினைத்து விட்ட எண் வருடக்கணக்கில் கூடவே வருகிறது.

கணக்கு எளிது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ஒரு வெள்ளி 'பிக்' வகையில் கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அதற்குக் கீழே பத்து எண்களுக்கு 180 வீதம், இன்னும் பத்து எண்களுக்கு 60 வீதம். ஒரே ஆள் பத்தாயிரம் எண்ணையும் வாங்கினால் 10,000 வெள்ளி கொடுத்து 6,400 வெள்ளி திரும்பப் பெறுவார். எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் வருத்தம் பொய்யில்லை. விட்ட எண்ணைச் சொல்லும்போது அந்த மனிதரின் முகம் உண்மையாகவே வாடுகிறது.

சீட்டாட்டத்தில் நிலைமை வேறு. அங்கே முடிவு என்று ஒன்று இருக்கிறது. சீட்டைப் பார்த்து, எதிரில் இருப்பதைப் பார்த்து, கட்டுவதா கவிழ்ப்பதா என்று ஆடுபவரே தீர்மானிக்கிறார். அதனால் தோற்ற பிறகு வரும் வருத்தமும் ஆழமாகப் பாய்கிறது. அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. குற்றவாளி தன் கையிலேயே இருக்கிறான்.

நம் நாட்டில் நிலத்தின்மீது உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி ஒன்றுதான், கெந்திங் மலையில். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். முஸ்லிம்கள் உள்ளே போகச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே அங்கே மேசைகளைச் சுற்றி உட்காரும் உள்ளூர்க்காரர்களில் பெரும்பகுதி சீனர்களும் நம்மவர்களும். அந்த மலையே ஒரு பெரிய துணிச்சலில் பிறந்ததுதான். லிம் கோ டோங் 1965இல் நிறுவனத்தைத் தொடங்கி, காட்டைக் குடைந்து சாலை போடுவதில் தன் செல்வத்தைக் கொட்டினார். 1969 மார்ச் 31இல் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார், அந்த ஆண்டே சூதாட்ட உரிமம் கிடைத்தது, 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. இன்று அவரைத் தொலைநோக்காளர் என்கிறோம். உரிமம் கிடைக்காமல் போயிருந்தால், அதே மனிதரின் அதே முடிவைச் சொல்லி, மலையில் பணத்தைக் கரைத்தவர் என்றிருப்போம். சாலை போட்ட நாளில் அவருக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று நாம் கேட்பதே இல்லை. முடிவை அதன் விளைவை வைத்தே அளந்து பழகிவிட்டோம்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு தம்பியை எனக்குத் தெரியும். ஒரு நாள் இரவு, துன் சம்பந்தன் சாலையில் கடை அஞ்சடியில் போட்டிருந்த மேசையில், தே தாரேக் குவளை விட்டுப்போன ஈரத்தில் விரலால் ஐந்து கட்டம் வரைந்து காட்டினார். "இது நாலு, இது நாலு. மத்தது ராணி, ஒம்பது, ஏழு." கட்டங்களுக்கு மேலே தனியாக இன்னொன்று வரைந்தார். "டீலரோடது, திறந்த சீட்டு. இஸ்பேடு ஆசு." அவர் ஆடியது கரீபியன் ஸ்டட் போக்கர். மற்ற ஆட்டக்காரர்களோடு மோதாமல் விடுதியோடு நேராக மோதும் ஆட்டம். முதலில் ஒரு தொகையைக் கட்ட வேண்டும். உங்களுக்கு ஐந்து சீட்டு, டீலருக்கு ஐந்து, அதில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். உங்கள் சீட்டைப் பார்த்தபின் கவிழ்த்துவிட்டு முதல் கட்டை இழக்கலாம். அல்லது அதைப்போல இரு மடங்கு கூடுதலாக வைத்துத் தொடரலாம். டீலரிடம் குறைந்தது ஆசும் ராஜாவும் இருக்க வேண்டும், இல்லை ஒரு ஜோடியாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் ஆட்டத்துக்கே தகுதி பெறவில்லை என்று பொருள். தொடர்ந்தவர்களுக்கு முதல் கட்டுக்குச் சமமான தொகை கிடைக்கும், கூடுதலாக வைத்தது அப்படியே திரும்பி வரும்.

தம்பி கட்டியிருந்தது 300 வெள்ளி. ஆசுச் சீட்டைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது என்றார். நாலு ஜோடிக்காக இன்னும் 600 வெள்ளியா என்று கவிழ்த்துவிட்டார். பக்கத்தில் இருந்த சீன அம்மா விடாமல் தொடர்ந்தார். டீலர் சீட்டை விரித்தார். ஆசு, ஜாக்கி, எட்டு, ஆறு, மூன்று. தகுதி இல்லை. அந்த அம்மா பணத்தை வாங்கிக்கொண்டார். "முன்னூறு வெள்ளி போச்சு, வர வேண்டிய முன்னூறும் போச்சு. அந்தச் சீட்டக் கவுத்திருக்கக் கூடாதுண்ணே."

அன்றிரவு அவர் மொத்தமாக விட்டது 4,800 வெள்ளி. போனஸ் பணம். மிச்சமெல்லாம் எப்படிப் போனது என்று கேட்டால், அது போச்சு என்று கையை விசிறுவார். அந்த நாலு ஜோடியை மட்டும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சீட்டின் நிறத்தோடும்.

அவர் செய்தது தவறா? கணக்கு நூலைக் கேட்டால், தவறுதான். அந்த ஆட்டத்தில் ஜோடி கைக்கு வந்தால் எவ்வளவு சிறியதானாலும் கவிழ்க்கக் கூடாது. ஆனால் அந்த விதி சொல்வதை நின்று கவனிக்க வேண்டும். மிகச் சிறிய ஜோடியோடு தொடர்ந்தாலும், நூறு முறை ஆடிப் பார்த்தால் மொத்தத்தில் நஷ்டம்தான். கவிழ்த்தால் வரும் நஷ்டத்தைவிட அது கொஞ்சம் குறைவு, அவ்வளவே. ஒரு பிழையும் இல்லாமல், எந்திரம்போல ஆடுபவருக்கும் அந்த ஆட்டத்தில் முதல் கட்டில் நூற்றுக்கு ஐந்து அளவுக்கு விடுதி பக்கம் போய்ச் சேரும். அந்த மேசையில் சரியான முடிவு என்றால், குறைவாகத் தோற்கும் முடிவு என்றே பொருள். தம்பி பல மாதம் தன்னைத் தண்டித்துக்கொண்டது, கொஞ்சம் குறைவாகத் தோற்கத் தெரியாமல் போனதற்காக.

மனம் இந்த விசாரணையை நேர்மையாக நடத்துவதும் இல்லை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீக்கிங்குக்கும் மாஸ்கோவுக்கும் கிளம்பும் முன், என்னென்ன நடக்கலாம் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள் பரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள். பயணங்கள் முடிந்த பின், அன்று நீங்கள் என்ன கணித்தீர்கள் என்று அதே மாணவர்களை நினைவுபடுத்திச் சொல்லக் கேட்டார்கள். நடந்தேறிய விஷயங்களுக்குத் தாங்கள் அன்றே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலர் நம்பினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த தாள் வேறு சொன்னது. அந்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. சீட்டு விரிந்த பிறகு, விரியும் முன் இருந்த இருட்டை யாராலும் திரும்ப உண்டாக்க முடிவதில்லை. "எனக்கு அப்பவே தோணுச்சு" என்று தம்பியும் சொல்வார். தோன்றியிருக்கலாம். ஆசுச் சீட்டைப் பார்த்துப் பயமும் அப்போதே தோன்றியது. பயம் நினைவிலிருந்து அழிந்துவிட்டது.

ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் போக்கரில் இந்தப் பின்விசாரணைக்கு மதிப்புண்டு. 2003இல் லாஸ் வேகஸில் உலகப் போட்டியின் பெரிய ஆட்டம், 839 பேர் கலந்துகொண்டது. கடைசியில் எஞ்சிய இருவர் கிரிஸ் மணிமேக்கர் என்ற கணக்கரும் சாம் ஃபர்ஹா என்ற கைதேர்ந்த ஆட்டக்காரரும். ஒரு கட்டத்தில் மணிமேக்கர் கையில் ஒன்றுமே சேராத நிலையில் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. எதிராளிக்குச் சீட்டுச் சேராமல் போய்விட்டதோ என்று வாய்விட்டே சொன்னார். நெடுநேரம் யோசித்தார். பிறகு கவிழ்த்துவிட்டார். மணிமேக்கர் அன்று 25 லட்சம் டாலரோடு எழுந்தார். அந்தச் சீட்டை இன்றைக்கும் ஆட்டக்காரர்கள் எடுத்து அலசுகிறார்கள், அலசுவதில் பயனும் உண்டு. எதிரில் ஒரு மனிதர் இருந்தார், அவர் முகமும் பழக்கமும் படிக்கக் கூடியவை, அடுத்த ஆட்டத்தில் அந்தப் படிப்பு உதவும். 2023 நவம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்று சொன்னதும் இந்த அடிப்படையில்தான். பின்னர் 2025 ஆகஸ்டில் வந்த இந்திய நாடாளுமன்றச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டது. கெந்திங் மேசையில் தம்பி ஆடியதற்கும் போக்கர் என்றுதான் பெயர். ஆனால் அவருக்கு எதிரே படிப்பதற்கு எந்த மனமும் இல்லை. டீலருக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை, விதி சொன்னபடி சீட்டை விரிப்பது மட்டுமே அவர் வேலை.

நான் தம்பியிடம் ஜெயித்த கதைகளைக் கேட்டேன். முதல் முறை மலைக்குப் போனபோது 1,900 வெள்ளி எடுத்தாராம். அதில் பெரிய பங்கு ஒரே ஆட்டத்தில் வந்தது. கையில் ஜோடி இல்லை, ஆசு இல்லை, ராஜா மட்டும். துணிந்து இரு மடங்கு வைத்தார். டீலர் தகுதி பெறவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. கணக்குப்படி பார்த்தால், இதுவும் தவறுதான். ஆனால் இந்த முடிவு ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. வெற்றி அதை விடுதலை செய்துவிட்டது, மாலையும் போட்டு அனுப்பியது.

நாம் எல்லோருமே செய்வது இதுதான். தோற்ற முடிவுகளை மட்டும் இழுத்து வந்து விசாரிக்கிறோம். குடித்துவிட்டு வண்டியோட்டி வீடு வந்து சேர்ந்த இரவை யாரும் நினைத்து நடுங்குவதில்லை. காப்புறுதி இல்லாமல் கழிந்த வருடங்களைச் சேமிப்பு என்று எழுதிக்கொள்கிறோம். தப்பான வழியில் போய் ஜெயித்தவனைக் காலம் உடனே தண்டித்தால் அவனுக்கு நல்லது. அது தண்டிக்காமல் பரிசு கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது, மறுபடியும் அதே வழியில்.

தம்பியின் கதையை எத்தனையோ முறை கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவருடைய வருத்தத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. நாலு ஜோடியைக் கவிழ்த்தது தவறு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், அதைக் கவிழ்க்காமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்றும் அவர் சொல்லிக்கொள்கிறார். தவறு ஒரு சீட்டில் இருந்தால் மேசையில் குற்றமில்லை. மேசையில் குற்றமில்லையென்றால் பஸ்ஸில் ஏறியதிலும் குற்றமில்லை. அடுத்த முறை கவனமாக ஆடினால் போதும். சின்னத் தவறை நினைத்து அழுவது, பெரிய தவறைத் தொடாமல் காப்பாற்றுகிறது. வருத்தப்படுகிற மனிதன் திருந்திக்கொண்டிருக்கிறான் என்று நாம் நம்புகிறோம். அவனும் நம்புகிறான். ஆனால் அந்த வருத்தமே அடுத்த பயணத்துக்கு அவனைத் தயார் செய்துகொண்டிருக்கலாம்.

இதனால், விளைவு தெரியாத காரியத்தில் பணம் போடுவதெல்லாம் சூது என்று நான் சொல்லவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த சாலைக்குப் பெயர் கொடுத்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அவர்கள் உழைத்த தோட்டங்களையே வாங்க முனைந்தார். பால்வெட்டி வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு அன்று பத்து வெள்ளி சின்னப் பணமில்லை. திரும்பி வருமா என்பதும் உறுதியில்லை. ஆனால் அந்தப் பத்து வெள்ளி போய்ச் சேர்ந்த இடத்தில் நிலம் இருந்தது, மரம் இருந்தது, போட்டவர்களின் உழைப்பு இருந்தது. போடுகிறவர் தோற்பதற்கென்று கணக்குப் போட்டு அமைத்த இடமில்லை அது. முடிவெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் கையில் என்ன சீட்டு என்பதற்கு முன்னால் வருகிறது: இந்த மேசையை அமைத்தவர் யார், யாருக்காக அமைத்தார்?

பாரதக் கதையில் தருமனுக்கு, வேறு எந்தச் சூதாடிக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்தது. நாடு, தம்பியர், தான், மனைவி என்று எல்லாவற்றையும் தோற்ற பிறகு, திருதராட்டிரன் அத்தனையும் திருப்பிக் கொடுத்தான். நடந்தது நடக்காததாகவே ஆகிவிட்டது. பாண்டவர்கள் ஊர் திரும்பும் வழியிலேயே மறுபடியும் அழைப்பு வந்தது, தருமன் மறுபடியும் போனான். இம்முறை பந்தயம் பன்னிரண்டு ஆண்டு வனவாசம், ஓர் ஆண்டு மறைந்து வாழ்தல். முதல் ஆட்டத்தின் எந்தக் காய் தவறு என்று எத்தனை அலசியிருந்தாலும் இரண்டாவது ஆட்டத்திலிருந்து அவனை அது காப்பாற்றியிருக்காது. காட்டில் பிருகதசுவ முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்கிறார். சூதில் நாடிழந்து, பிறகு காயின் சூட்சுமத்தைக் கற்று, ஆடியே நாட்டை மீட்டவன் நளன். தோற்றவர்கள் விரும்பிக் கேட்கிற கதை இது. எனக்கு இந்தக் கதையைப் பற்றிக் கவலை உண்டு, மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தன்னை நளன் என்றே நினைத்துக்கொள்கிறார். ஆனால் அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். முனிவர் தருமனுக்கும் அந்தச் சூட்சுமத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். கற்ற தருமன் துரியோதனனை இன்னோர் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. விராடன் அவையில் கங்கன் என்ற பெயரில் அரசனுக்குப் பொழுதுபோக்காகக் காய் உருட்டினான். ஜெயிக்கத் தெரிந்த பிறகும் அந்த மேசைக்கு அவன் திரும்பவில்லை.

வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னால் நினைத்து வருந்தும் செயலைச் செய்யாதே என்று தொடங்கும் குறள் ஒன்று உண்டு. அதன் பிற்பாதியைப் பலர், ஒருமுறை செய்துவிட்டால் அத்தகையதை மீண்டும் செய்யாதே என்று படிக்கிறார்கள். பரிமேலழகர், செய்துவிட்டால் பின்னால் உட்கார்ந்து வருந்திக்கொண்டிருக்காதே என்று உரை சொல்கிறார். இரண்டும் வேறு வேறு அறிவுரைகள் என்று முன்பு நினைத்திருந்தேன். தம்பியைப் பார்த்த பிறகு அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதாகத் தோன்றுகிறது. உட்கார்ந்து வருந்துகிறவனே மீண்டும் செய்கிறான். சீட்டை விட்டு மனத்தை எடுத்தால்தான் மேசையை விட்டும் எழ முடியும்.

சிங்கப்பூரில் சூதாட்ட விடுதிகள் 2010இல் திறந்தபோது, அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழையவே 100 டாலர் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். கட்டிய நுழைவுப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்று சிலர் இன்னும் வேகமாக ஆடக்கூடும், அந்த ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது: சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், வாசலில். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. மனைவியோ, பெற்றோரோ, பிள்ளையோ விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கலாம். ஒரு முடிவைத் திரும்பிப் பார்க்கும் பொறுப்பைச் சீட்டுப் பிடித்தவர் கையிலிருந்து எடுத்து, சீட்டே பார்க்காதவரிடம் கொடுத்திருக்கிறார்கள். சீட்டைப் பார்க்காதவர் கண்ணுக்குத்தான் மேசை முழுதாகத் தெரிகிறது.

கிள்ளானில் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவியும் உடன் இருந்தார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறவர், ஆசுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் தெரியாது. தம்பி மறுபடியும் நாலு ஜோடியை ஆரம்பித்தார். மனைவி பாதியில் நிறுத்தினார்.

"ஏங்க, சீட்டப் பத்திக் கேக்கல. அன்னிக்கு பஸ்ல ஏறுனப்ப என்னா நெனச்சிக்கிட்டு ஏறுனீங்க?"

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்கு முந்தின தடவ வுட்டத எடுத்துறலாம்னுதான்."

"அதுக்கு முந்தின தடவ?"

"அதுக்கும் முந்தி வுட்டத."

"அப்ப மொதத் தடவ?"

"மொதத் தடவ ஒண்ணும் வுடலியே," என்றார் தம்பி. "மொதத் தடவதான் ஜெயிச்சிட்டேனே."